சிறிய எஞ்சினில் டாக்கோமீட்டரை எந்தக் கம்பியில் இணைப்பது?

காரிலிருந்து கழற்றிய டாக்கோமீட்டரை (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் மீட்டர்) ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) கம்பியில் இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேக்னட்டோ வகை, அதாவது பேட்டரி இல்லாமல் சுழலும் காந்தத்தால் தீப்பொறி உண்டாக்கும் எஞ்சினாக இருந்தால், தயவுசெய்து அந்தக் கம்பியைத் தொடாதீர்கள். அது தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உருவாக்கும் இக்னிஷன் காயிலின் பிரைமரி (முதல்) சுருளுக்கு நேராகச் செல்வது. தீப்பொறி எழும் கணத்தில் அதில் சில நூறு வோல்ட் வரை ஏறும். மீட்டர் அதிலிருந்து மின்சாரம் இழுத்தால் தீப்பொறி வலுவிழக்கும். நான் ஒருமுறை அப்படி இணைத்தபோது, அதுவரை ஒரே இழுப்பில் கிளம்பிய எஞ்சின் பத்து இழுப்புக்கும் கிளம்பவில்லை. மீட்டரின் 12 வோல்ட் தவறி அந்தக் கம்பிக்குள் போய்விட்டால் காயிலில் உள்ள மின்னணுப் பகுதியே எரிந்துபோகலாம்.

காயிலிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்குச் செல்லும் பிளக் வயரின் மேல் கம்பியைச் சுற்றிப் பொருத்தும் வகை மீட்டரே இதற்கு ஏற்றது. அதை வாங்கினாலும் ஒரு சுற்றுக்கு எத்தனை தீப்பொறி என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்; பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் எரிகிறது என்றாலும், காந்தம் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் இருப்பதால் அது ஒவ்வொரு சுற்றிலும் காயிலைக் கடந்து, புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவிலும் வீணாக ஒரு பொறியை உண்டாக்குகிறது. எனவே மீட்டரில் ‘ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு’ (ஒரு தீப்பொறிக்கு ஒரு துடிப்பு) என்ற அமைப்பையே தேர்ந்தெடுங்கள். சில மீட்டர்களில் அது இரண்டு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டர் என்று குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு சுற்றுக்கு ஒரு துடிப்பு என்று வைத்தால் நிமிடத்துக்கு 3,000 சுற்று 6,000 ஆகத் தெரியும். நான்கு சிலிண்டர் காரின் மீட்டர் சுற்றுக்கு இரண்டு துடிப்பை எதிர்பார்ப்பதால், அது வேலை செய்தாலும் 1,500 என்றுதான் காட்டும்.

மீட்டரின் கம்பியைப் பிளக் வயரின் மேல் நெருக்கமாக மூன்று முதல் ஐந்து சுற்று சுற்றி, நழுவாதபடி டேப் ஒட்டுங்கள். எர்த் கம்பி இருந்தால் பெயின்ட் சுரண்டிய போல்ட்டின் அடியில் இறுக்குங்கள். என் எஞ்சினில் ஐந்து சுற்று சுற்றியிருந்தபோது, மெதுவாக ஓடும்வரை 1,750 என்று நிலையாக இருந்த எண், த்ராட்டிலைத் திறந்ததும் 7,000-க்குத் தாவியது. காதுக்கு எஞ்சின் சீராகவே ஓடிக்கொண்டிருந்தது. கம்பியில் இரண்டு சுற்றைப் பிரித்தவுடன் தாவல் நின்றது. உங்களுக்கும் அப்படி ஆனால் சுற்றைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மின் இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் வகை பிளக் போட்டுப் பாருங்கள். கம்பி சைலன்சரை உரசாமல் செல்லட்டும்.

எஞ்சின் ஒரு ஜெனரேட்டரை ஓட்டுவதாக இருந்தால் மீட்டரைச் சரிபார்ப்பது எளிது. அதிர்வெண் அளக்கும் மல்டிமீட்டரில் 50 ஹெர்ட்ஸ் காட்டும்போது, ஆல்டர்னேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) எஞ்சினோடு நேராக இணைந்த இரு துருவ வகை எனில், டாக்கோமீட்டர் 3,000 காட்ட வேண்டும்.