தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

வெயில் ஏறியதும் வரும் கடிதங்களில் முக்கால்வாசி இன்ஜின் சூட்டைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. ஒரே பக்கம் சார்ந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: நான்கு வழிச்சாலையில் எண்பதில் போகும்போது டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு இறங்கிவிடுகிறது. ஊருக்குள் வந்ததும் நடுவுக்கு வருகிறது. இது நல்லதுதானே? (மதுரை)

ப: இல்லை, பழுது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. வேகத்தில் காற்று ரேடியேட்டரை நன்றாக அடிப்பதால் இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்கிறது. மாற்றிவிடுங்கள். முள் தாழ்ந்திருந்தால் இன்ஜின் நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நடுவில் அசையாமல் நிற்க வேண்டும்.

கே: வண்டி ஹீட் ஆகிறது. என்ன செய்யலாம்? (திருப்பூர்)

ப: என்ன வண்டி, எவ்வளவு ஓடியது, நிற்கும்போது சூடாகிறதா ஓடும்போதா, கூலன்ட் குறைகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, ஒன்றுமே எழுதவில்லையே! இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்கிறேன். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன், ரிலே, வயரிங் பக்கம் பாருங்கள். ஏற்றத்திலும் லோடிலும் மட்டும் என்றால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். கிளம்பிய பத்து நிமிடத்தில் முள் சிவப்பைத் தொட்டு, ரேடியேட்டர் மட்டும் ஜில்லென்று இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிவிட்டது அல்லது வாட்டர் பம்ப் போய்விட்டது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

கே: என் லோடு வண்டி ஒருநாள் சூடாகி நின்றுவிட்டது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குண்ணே?" என்றார். அதன்பின் சமவெளியில் பிரச்சினை இல்லை. ஆனால் கொல்லிமலை ஏறும்போது பாதி வளைவுகளுக்குள் சூடேறுகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. (நாமக்கல்)

ப: இந்த "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு" என்ற பேச்சை எத்தனை பட்டறைகளில் கேட்டுவிட்டேன்! சில நூறு ரூபாய் சாமானைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு பல ஆயிரம் ரூபாய்க்கு இன்ஜின் வேலை பார்ப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதலில் வெயில் கணக்கு. வெளியே 40 டிகிரி நமக்குத்தான் கொடுமை. 90 டிகிரியை ஒட்டி வேலை செய்ய வேண்டிய இன்ஜினுக்கு அது குளிர்தான். ஊட்டியானாலும் வேலூரானாலும் அதற்கு வேண்டிய சூடு ஒன்றே. அந்தச் சூட்டில் இன்ஜினை நிறுத்தி வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை.

மலையில் ஏன் சூடேறுகிறது? தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு வால்வுத் தட்டு, நடுவில் மெழுகு அடைத்த பித்தளைக் குமிழ், சுற்றிலும் ஸ்பிரிங். பல மாடல்களில் அடியில் இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மேல் தட்டு மூடியிருக்கும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து மேல் தட்டைத் திறக்கும். அதே அசைவில் அடித்தட்டு இறங்கி பைபாஸை அடைக்கும். இனி கூலன்ட் முழுவதும் ரேடியேட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். நீங்கள் மொத்தத்தையும் கழற்றிவிட்டதால் பைபாஸை அடைக்க ஆளில்லை. சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பி இன்ஜினுக்குள் வந்துகொண்டிருக்கிறது. சமவெளியில் இது தெரியாது. லோடோடு மலையேறும்போது தெரிந்துவிடும். கூலன்ட் ரேடியேட்டரில் வேகமாக ஓடிவிடுவதால் ஆற நேரமில்லை என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல, காரணம் பைபாஸ்தான்.

மைலேஜ் குறைந்ததற்கும் தெர்மோஸ்டாட் இல்லாததே காரணம். சமவெளியில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வருவதில்லை. பெட்ரோல் வண்டியாக இருந்தால், இன்ஜின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று சென்சார் சொல்வதை நம்பி ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எரிபொருளைக் கூட்டி ஊற்றும். எரியாத எரிபொருள் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டு ஆயிலோடு கலக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகிப் போகாது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெளிறிய பழுப்பு நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் நான் சொல்வது புரியும். (கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டையும் சோதியுங்கள்.) ஆயில் கெடுவதால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனரில் வரும் தேய்மானம் உடனே கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் யாரும் இதற்குப் பயப்படுவதில்லை.

சரி, கழற்றியதும் சூடு குறைந்தது உண்மைதானே என்பீர்கள். மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டை எடுத்தால் சூடு குறையத்தான் செய்யும். கெட்டுப்போனதை எடுத்ததால் வந்த பலன் அது. அதன் இடத்தில் நல்லதைப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: உங்கள் மாடலுக்கு உரிய தெர்மோஸ்டாட்டை வாங்குங்கள். விளிம்பிலோ குமிழிலோ 82, 88 என்று அது திறக்கும் டிகிரி பொறித்திருக்கும், கம்பெனி சொன்ன எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். குமிழ் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் சூடு சரியாகப் படாது, நேரத்துக்குத் திறக்காது. புது கேஸ்கெட் போடுங்கள். பேஸ்ட்டை அள்ளி அப்பவிடாதீர்கள், உதிர்ந்து உள்ளே போய்விடும். அப்புறமும் மலையில் சூடேறினால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

கே: 88 டிகிரிக்குப் பதில் 71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் இன்ஜின் கூலாக இருக்குமா? (கோவை)

ப: வேண்டாம். அந்த எண் திறக்கத் தொடங்கும் சூடு மட்டுமே. ரேடியேட்டரின் சக்தி அதனால் அதிகரிக்காது. மேலே நாமக்கல் வாசகருக்குச் சொன்ன தேய்மானம் உங்களுக்கும் வரும்.

கே: வாங்கிய தெர்மோஸ்டாட் நல்லதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (தஞ்சாவூர்)

ப: தாராளமாக. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடிப்பாகத்தைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். பொறித்த எண்ணுக்கு ஓரிரு டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு டிகிரி தாண்டினால் முழுதும் திறந்து ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இடைவெளி காட்ட வேண்டும். பிறகு வெளியே எடுத்து ஆறவிடுங்கள், வெளிச்சம் தெரியாமல் மூட வேண்டும். பலரும் திறப்பதை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

கே: புது தெர்மோஸ்டாட் மாட்டியும் சூடேறுகிறது. ஹீட்டரில் ஒருமுறை சூடான காற்று, ஒருமுறை குளிர்ந்த காற்று. (குன்னூர்)

ப: உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் விளிம்பில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கமாக மாட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள், காற்று வெளியேற வழி அதுதான். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு முன்பக்கம் உயரமாக வண்டியை நிறுத்தி, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, கூலன்ட் நிரப்பிக் காற்றை எடுங்கள். சில மாடல்களில் இதற்கென்றே ஸ்குரூ உண்டு.

கே: பிஎஸ்6 டீசல் கார். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட் அடிக்கடி எரிகிறது. ஸ்கேன் செய்ததில் பி0128 என்று வந்தது. கிளீன் செய்யப் பெரிய தொகை கேட்கிறார்கள். (ஓசூர்)

ப: முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். பி0128 என்ற அந்தப் பழுதுக் குறியீடு சொல்வதே கூலன்ட் உரிய சூட்டுக்கு வரவில்லை என்பதைத்தான். இன்ஜின் சூடாகாவிட்டால் டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் வேலை சரியாக நடக்காது, கரி சேர்ந்துகொண்டே போகும். ஆயில் அளவு கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள், டீசல் கலந்திருந்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள்.

கே: ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள்தூள் போடலாமா? (ஈரோடு)

ப: நடுவழியில் வேறு கதியில்லை என்றால் ஊர் வந்து சேர மட்டும். அந்தத் தூள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ரேடியேட்டர் குழாய்களிலும் ஹீட்டரிலும் படியும். வந்து சேர்ந்ததும் ஒழுகலைச் சரிசெய்து, கழுவி, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது. நம் ஊர் உப்புத் தண்ணீரில் படியும் சுண்ணாம்புதான் தெர்மோஸ்டாட்டைச் சிக்க வைக்கிறது.

கே: ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறீர்களே, துணி போட்டுத் திறந்தால்கூடவா? (திருச்சி)

ப: ஆமாம், துணி போட்டாலும்தான். மூடி 0.9 பார் அளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால், வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. நீங்கள் திறந்த நொடியில் அந்த அழுத்தம் போய்விடும். 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் ஒரேயடியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி, முக்கால் மணி பொறுங்கள். மேல் ஹோஸைத் தொட்டு, அமுக்கிப் பாருங்கள். சூடு இல்லாமல், தளர்வாகவும் இருந்தால்தான் மூடியில் கை வைக்க வேண்டும்.

கே: என் காரில் டெம்பரேச்சர் முள்ளே இல்லை. (காரைக்குடி)

ப: நீல விளக்கு இருக்கும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் எரிந்து, சில கிலோமீட்டரில் அணைய வேண்டும். வெகுநேரம் அணையாவிட்டால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள்.

கே: என் ஸ்பிளென்டர் பைக்கில் தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது? (விழுப்புரம்)

ப: அது காற்றில் குளிரும் இன்ஜின். ரேடியேட்டரும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் இல்லை.