உச்சி வழுக்கை, ஹார்மோன், இதயம்: டாக்டர் பதில்கள்

பெங்களூரு நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (ஒயிட்ஃபீல்ட், 31 வயது): டாக்டர், உச்சியில் முடி கொட்டி மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு 48 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது. வழுக்கை விழுந்தால் இதய நோய் வருமா?

பதில்: வழுக்கையால் இதய நோய் வராது தம்பி. ஆனால் இரண்டும் சேர்ந்து வருவது சற்று அதிகம். அமெரிக்காவில் 19,000 ஆண் மருத்துவர்களுக்கு மேல் ஆராய்ந்து 2000-இல் வெளியான முடிவு இது: உச்சியில் முழுக்கக் கொட்டியவர்களுக்கு இதயக்குழாய் நோய் சுமார் 36 சதவீதம் கூடுதல். நெற்றி மட்டும் ஏறியவர்களுக்கு வித்தியாசம் சொற்பம். 2013-இல் ஜப்பானியர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் உச்சிதான் சம்பந்தப்பட்டிருந்தது.

உங்கள் விஷயத்தில் முடியைவிட அப்பாவுக்கு 48-இல் வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிபி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொலஸ்ட்ரால் இந்த மாதமே பாருங்கள். பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ரத்தக் கொழுப்பை ஒருமுறை பார்த்தால் போதும். இடுப்பையும் அளந்து பாருங்கள். பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள், பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை விட்டபின் பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். முடிக்கு மாதாமாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற பையன்கள் ஒருமுறைகூட பிபி பார்த்ததில்லை என்று சொல்லும்போது மனசு கேட்கவில்லை.

கேள்வி (ஜெயநகர்): ஆண் ஹார்மோன் அதிகமானால்தானே வழுக்கை? டெஸ்ட் எடுக்கவா?

பதில்: வேண்டாம். வழுக்கை விழும் பெரும்பாலான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கும். அது டிஎச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறி முடியின் வேர்க்காலைச் சுருக்குகிறது. எந்த வேர்க்கால் அதற்குப் பணியும் என்பது பரம்பரை. பிடரி முடி பணிவதில்லை, அதனால்தான் அங்கிருந்து எடுத்து நடுகிறார்கள்.

கேள்வி (ராமமூர்த்தி நகர், பெண், 27): வகிடு அகலமாகிறது. பீரியட்ஸும் தள்ளித் தள்ளி வருகிறது.

பதில்: பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்மா. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதை அதிகமாகச் சுரக்கும். அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும். முகப்பரு, தாடையில் முடி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, பிபி, தைராய்டு, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு) எல்லாம் பாருங்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி (அல்சூர்): போர்வெல் தண்ணீர்தான் காரணமா?

பதில்: இல்லை. உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், நுனி உடையும். பரம்பரை வழுக்கை அதனால் வராது.

கேள்வி (கே.ஆர். புரம், 52): முடி வளர மினாக்சிடில் மாத்திரை போடுகிறேன், கணுக்கால் வீங்குகிறது. முடிக்காக ஃபினாஸ்டரைடு மாத்திரையும் உண்டு.

பதில்: மினாக்சிடில் முதலில் பிபி மாத்திரையாகத்தான் வந்தது. உடம்பில் நீர் சேரும், நெஞ்சு படபடக்கும். எழுதிக்கொடுத்தவரிடம் இன்றே பேசுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே எமர்ஜென்சி. ஃபினாஸ்டரைடு, புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அளவை ஏறக்குறைய பாதியாக்கிக் காட்டும். அந்த டெஸ்ட் எடுக்கும்போது இந்த மாத்திரை போடுவதை மறக்காமல் சொல்லுங்கள்.