பெரிய காலநிலை டேட்டாவை அலசப் பெரிய கம்ப்யூட்டர் வேணுமா? கூகுளோட எர்த் எஞ்சின் மாதிரி தளங்கள் உண்மையிலேயே உதவுமா?

பெரிய கம்ப்யூட்டர்லாம் வேணாங்க. நீங்க அனேகமா ஏதோ ஒரு வெளியூர் காலேஜ்ல பிஎச்டி சேந்துட்டு, லேப்ல இருக்கற சிஸ்டத்தப் பாத்து வயித்தக் கலக்கிப்போய் கேக்கறீங்கன்னு நெனக்கிறேன். நான் என் வேலை முழுசையும் காரைக்குடி பக்கத்துல எங்க பரம்பரை வீட்டுத் திண்ணைல ஒக்காந்து, குரோம்ல நாலு டேப் தெறந்தாலே மூச்சு வாங்கற லேப்டாப்லதான் முடிச்சேன். உடனே கூகுள்காரன்கிட்ட காசு வாங்கிட்டு எழுதறான்னு வராதீங்க, அவங்களுக்கு என்னை யாருன்னே தெரியாது.

விஷயம் சிம்பிள். ஈரா5ன்னு ஒண்ணு, பழைய அளவீடுகளயும் வானிலை மாடலயும் சேத்து உலகம் பூராவுக்கும் கணக்குப் போட்டு வச்ச டேட்டா, 1940ல இருந்து மணிக்கு மணி இருக்கு, மொத்தமும் பெட்டாபைட் கணக்கு (ஒரு பெட்டாபைட்டுன்னா பத்து லட்சம் ஜிபி), அத யாரும் டவுன்லோட் பண்ணி முடிக்க முடியாது. எர்த் எஞ்சின்ல டேட்டா அவங்க சர்வர்லயே கெடக்கும், நாம கணக்க மட்டும் எழுதி அனுப்பறோம், விடை வந்துரும். ஆராய்ச்சிக்கு ஃப்ரீ, வியாபாரத்துக்குன்னா காசு. ஈரா5 டேட்டாவத் தர்ற ஐரோப்பாக்காரங்களோட கோப்பர்நிக்கஸ் தளமும் ஃப்ரீதான், ஆனா க்யூல போட்டுட்டுக் காத்திருக்கணும்.

ஆனா தளம் கணக்குப் போடும், யோசிக்காது. என் தலைப்பு சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்கள்ல எப்ப தண்ணி ஏறுது, எப்ப வத்துதுங்கறது. எங்க ஏரியால தண்ணி ஏறறதே ஐப்பசி கார்த்திகைலதான், அப்ப பாத்து வானம் பூரா மேகம், லேண்ட்சாட் சாட்டிலைட் எடுக்கற படத்துல வெள்ளையாத்தான் தெரியும். அதனால 2014ல விட்ட சென்டினல்-1ங்கற ரேடார் சாட்டிலைட்டுக்குப் போனேன், அது மேகத்தத் தாண்டிப் பாக்கும், தேங்கின தண்ணி கருப்பா விழும். சரின்னு ஓட்டுனா பாதிக் கண்மாய் தரைன்னு வருது. நேர்ல போய் நின்னா கரை தட்டத் தண்ணி, மேல பூரா நெய்வேலிக் காட்டாமணக்குச் செடி மண்டிக் கெடக்கு, ரேடார் செடியப் பாத்துட்டுத் தரைன்னு சொல்லிருக்கு. இத எந்த சர்வரும் சொல்லாது, டவுசர நனைச்சாத்தான் தெரியும்.

இன்னொன்னு, இதுல நெறைய பேர் வழுக்கி விழறாங்க. பல நாள் மழையக் கூட்டி ஒரே படமாக்கி, சராசரி எடுக்கறப்ப ஸ்கேல், அதாவது எத்தன மீட்டர் கட்டத்துல கணக்குப் போடணுங்கறத, கொடுக்காம விட்டா, எர்த் எஞ்சின் சத்தமில்லாம ஒரு டிகிரி கட்டத்துல கணக்குப் போட்டுரும். ஒரு டிகிரின்னா சுமார் 111 கிலோமீட்டர், திருச்சியும் காரைக்குடியும் ஒரே கட்டத்துக்குள்ள விழுந்துரும்! எர்ரரும் வராது, அழகா ஒரு நம்பர் வரும், அதத் தீசிஸ்ல போட்டுட்டு வைவால முழிக்கிறாங்க.

திண்ணைல ஏன் ஒக்காந்தேன்னு கேப்பீங்க. செட்டிநாட்டு வீடு, செவுரு அவ்ளோ கனம், வளவுக்குள்ள, அதான் நடு முற்றத்துப் பக்கம், போனா போன்ல சிக்னல் ஒரு புள்ளி கூட நிக்காது. இன்டர்நெட் கேபிள் இழுக்கலாம்னா வீடு பங்காளிகளுக்குப் பொது, ஒரு ஓட்டை போட சென்னைல ஒருத்தர், மலேசியால ஒருத்தர், பேச்சுவார்த்தையே இல்லாத இன்னொருத்தர்னு எல்லாரும் சம்மதிக்கணும். இதே ஆளுங்க சினிமா ஷூட்டிங்க்கு வாடகைன்னா அன்னைக்கே சரின்னுருவாங்க, லைட்டு கட்ட ஆத்தங்குடித் தரைல ஆணி அடிச்சாக்கூட வாயத் தெறக்க மாட்டாங்க. அப்பத்தா சத்தம் போட்டப்புறந்தான் கேபிள் வந்துச்சு, அதுக்குள்ள நான் தீசிஸே குடுத்துட்டேன். சரி, அத விடுங்க.

நீங்க மழைல ஆரம்பிங்க. சிர்ப்ஸ்ங்கற மழை டேட்டா (சாட்டிலைட்டயும் மழைமானியயும் சேத்துப் போட்டது) 1981ல இருந்து சுமார் 5 கிலோமீட்டர் கட்டத்துல இருக்கு, ஈரா5 கட்டம் 31 கிலோமீட்டர் கிட்ட வரும், உங்க தாலுகா அளவுக்கு அது ரொம்பப் பெருசு. எதுல எடுத்தாலும் பக்கத்து மழைமானி ஸ்டேஷன் அளவோட ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் கைடுகிட்ட காட்டுங்க.