நாலு லட்சம் கொடுத்து சிங்கப்பூர் வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஐடிஐ வயர்மேன் முடித்திருக்கிறேன், ஏஜெண்ட் நாலு லட்சம் கேட்கிறார், சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு வரலாமா, வீட்டுக் கஷ்டம் தீருமா, சாப்பாடும் தங்குமிடமும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாடு சமாளிக்கலாம், டாமிட்டரியும் பழகிவிடும். பேச வேண்டியது அந்த நாலு லட்சத்தைப் பற்றி.

ஐடிஐ சான்றிதழை மட்டும் வைத்து இங்கே கட்டுமான வேலை பர்மிட் போட முடியாது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் எஸ்.இ.சி.கே தேர்வு வேண்டும். நம் ஆட்கள் இதை ஸ்கில் அடிப்பது என்பார்கள். தமிழ்நாட்டிலேயே மையங்கள் உண்டு. நீங்கள் கற்ற வயரிங்கிலேயே அடியுங்கள். சீக்கிரம் இடம் கிடைக்கிறது என்று சென்டர்காரர் கம்பி கட்டும் வேலைக்குத் தள்ளினால் படித்த இரண்டு வருடமும் வீண்.

இனி கடனைப் பாருங்கள். நாலு லட்சம், நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 8,000 ரூபாய் வட்டி மட்டும். அடிப்படைச் சம்பளம் 520 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். கேட்டரிங்குக்கு 150, போனுக்கு 20 போக மிச்சம் 350. வெள்ளிக்கு 65 ரூபாய் போட்டால் 22,750. வட்டி போனபின் 14,750. அதில்தான் அசலும் அடைய வேண்டும், வீடும் நடக்க வேண்டும். ஊருக்கு வரும்போது தங்கமும் தைலமும் அடுக்குகிற அண்ணன்மார் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. "கடன் வாங்கி வா, ஓடியில் (ஓவர்டைமில்) அடைத்துவிடலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களில் சிலர் ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் பார்க்கிறவர்கள். எனக்கு அவர்கள்மேல்தான் கோபம் அதிகம்.

அந்த ஓடியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பர்மிட்டுக்கு முன் வரும் ஒப்புதல் கடிதமான ஐபிஏ தமிழிலும் வரும். மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள், அடிப்படைச் சம்பளம் என்ற வரியைத் தேடுங்கள். மாத அடிப்படையை 12ஆல் பெருக்கி, 52 வாரம் × 44 மணி, அதாவது 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு. அடிப்படை 520 என்றால் ஓடி மணிக்கு 4.09 வெள்ளி. அதே 520ஐ, அடிப்படை 400, அலவன்ஸ் 120 என்று பிரித்துப் போட்டால் 3.15 ஆகிவிடும். மாதத்துக்கு 72 மணி நேர ஓடிதான் உச்சவரம்பு. அத்தனையும் பார்த்தால் கிட்டத்தட்ட 68 வெள்ளி கைநழுவும். விமானம் ஏறிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

உலகமயம் வந்ததும் தொழில் தெரிந்தவனுக்கு விலை கூடியது என்கிறார்கள். கூடியது உண்மைதான். இங்கே கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிற ஓர் இந்தியத் தொழிலாளிக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி, 2024 ஜனவரியிலிருந்து அடிப்படைத் திறனாளி என்றால் மாதம் 900 வெள்ளி, உயர்திறனாளி (ஆர்-1 என்பார்கள்) என்றால் 500. நீங்கள் ஆர்-1 ஆன நாளிலிருந்து கம்பெனிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அதில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீங்கள்தான் பேசி வாங்க வேண்டும். கடன் தலைக்கு மேல் இருக்கிறவன் பேச மாட்டான், கையெழுத்துப் போட்டுவிடுவான். கெட்டிக்கார எலக்ட்ரீஷியன்கள் வருடக்கணக்கில் ஒரே சம்பளத்தில் கிடப்பது இதனால்தான். 2022இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 111 பில்லியன் டாலர் என்கிறது உலக வங்கி. அதில் வட்டிக்காரர் வீட்டுக்குப் போனது எவ்வளவு என்று அந்தக் கணக்கு பிரித்துக் காட்டுவதில்லை.

எனவே ஏஜெண்டிடம் தேர்வுச் செலவு, கமிஷன், டிக்கெட் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். இங்குள்ள ஏஜென்சிக்கு உச்சவரம்பு இரண்டு மாதச் சம்பளம். லெவியையும் 5,000 வெள்ளி பிணைத்தொகையையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பர்மிட் புதுப்பிக்கக் காசு கேட்பது குற்றம், மனிதவள அமைச்சில் புகார் கொடுக்கலாம்.

ஒருகாலத்தில் சம்பளம் உறையில் காசாக வந்தது. எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்கச் சீட்டே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) நின்று ஆளாளுக்கு உறையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இப்போது வங்கியில் ஏறுகிறது, சம்பளச் சீட்டும் உண்டு. ஒவ்வொரு மாதச் சீட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஞாயிறுகளில் கொஞ்சம் ஆங்கிலம் படியுங்கள். படித்து என்ன ஆகப்போகிறது என்று அறையில் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். நான்கு வருட அனுபவம் ஆனதும் கோர்டிரேட் என்ற திறனாளர் பதிவுத் திட்டம் வழியாக ஆர்-1க்கு முயலுங்கள். பர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை இருக்கும்போது, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் பேச வேண்டியது அந்த மூன்று வாரத்துக்கு முன்பே, கையில் இன்னொரு கம்பெனியின் வாய்ப்போடு.