கழுத்தின் மேலெலும்பு விலகல்: ஸ்க்ரூ போட்டால் தலை திரும்பாதா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது, நாள்பட்ட ருமட்டாய்டு முடக்குவாதம். கை மரத்துப்போய் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ போட்டு இணைக்கச் சொல்கிறார் மருத்துவர். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டிலோ விலகல் இல்லை என்றிருக்கிறது. எண்ணெய் போட்டு நீவினால் போதும் என்கிறார் மாமா.

பதில்: கழுத்தில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். நீவுவது, சொடக்கு எடுப்பது, எடை கட்டி இழுப்பது எதுவும் வேண்டாம். இரண்டாம் எலும்பின் முளையைப் பிடித்திருக்கும் தசைநாரை இந்த வாதம் அரித்துவிடும். நீவி அதை ஒட்டவைக்க முடியாது. தண்டுவடம்தான் நசுங்கும். கொக்கி மாட்ட முடியாதது அந்த அழுத்தத்தின் அடையாளமாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. படுக்கவைத்து எடுப்பது. படுத்தால் விலகல் பெரும்பாலும் தானே உள்ளே போய்விடும். தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் பக்கவாட்டில் எடுக்கும் சாதா எக்ஸ்ரேயில்தான் தெரியும். அம்மா தானாக வளைக்கும் அளவு போதும், டெக்னீசியன் அழுத்தக் கூடாது. முதல் எலும்புக்கும் அந்த முளைக்கும் நடுவே உள்ள முன்பக்க இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ. வரை இருக்கலாம். பின்னால் தண்டுவடத்துக்கான இடம் 14 மி.மீ. அல்லது அதற்கும் கீழ் என்றால் ஆபத்து. சில நூறு ரூபாய் படம். இதை எடுக்காமலே எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் காட்டி அனுமதி மறுக்கும் காப்பீட்டு மேசைகளை என்ன சொல்ல!

ஆபரேஷனில் பிடரி வழியாகத் திறந்து, எலும்புக்கு இரண்டாக நான்கு டைட்டானியம் ஸ்க்ரூ, இரண்டு கம்பி. ஆனால் ஸ்க்ரூ தற்காலிகப் பிடிதான். இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கும் எலும்புத்துண்டு ஒட்டினால்தான் நிலைக்கும். ஒட்டாவிட்டால் ஸ்க்ரூ தளரும், உடையும். ஸ்டீராய்டும் புகையும் ஒட்டுவதைக் கெடுக்கும்.

ஒரு விதிவிலக்கு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சிலருக்கு இரண்டாம் எலும்புக்குள் மேலேறி வளைந்திருக்கும், அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம் வழக்கமான பாதையில் ஸ்க்ரூ இறக்கினால் குழாய் கிழியலாம். குட்டை ஸ்க்ரூவோ, எலும்பின் பின்தகட்டில் போடும் ஸ்க்ரூவோதான் சரி. இது முன்கூட்டியே தெரிய ரத்தக்குழாயைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோ வேண்டும். "எடுத்தாச்சா, இரண்டு பக்கமும் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

தலை திரும்புவதில் ஏறக்குறைய பாதி போகும். மேலும் கீழும் தலையாட்டுவது பெரிதும் மிஞ்சும். சாலையில் உடம்போடு திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார்.

"ஃபாரின் ஸ்க்ரூதான் நிற்கும்" என்று தூண்டில் போடும் தரகரை நம்பாதீர்கள். ஸ்க்ரூவைத் தகட்டோடு இணைக்கும் முறையை 1994-இல் எழுதியவரே மும்பை நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல். ஸ்க்ரூவின் பேட்ச் எண்ணுள்ள ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆபரேஷன் வரை கெட்டிக் காலர் போடட்டும், டூவீலரில் ஏற்றாதீர்கள். வேறு எதற்காக மயக்கமருந்து கொடுப்பதானாலும் கழுத்து விஷயத்தை முதலில் சொல்லுங்கள். மூச்சுக்கான குழாய் செருகத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துவிடுவார்கள்.