இடம் பிடிக்கவா மாமியைக் கூட்டிப் போகிறீர்கள்?

கேள்வி: சித்திரை விடுமுறைக்குக் கலிபோர்னியாவில் இருக்கும் என் கணவரின் தம்பி வீட்டுக்குப் போகிறோம். நான், கணவர், 12 வயது மகள், 8 வயது மகன், கணவரின் அம்மாவான என் மாமி. அந்த நேரம் டிஸ்னி கலிபோர்னியா அட்வென்சர் பூங்காவில் உணவுத் திருவிழா நடக்குமாம். நுழைவுச் சீட்டுக்கு மேலதிகமாக ‘சிப் அண்ட் சேவர்’ என்று ஓர் அட்டை. அதில் எட்டுத் துண்டு, ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தால் ஒரு தட்டோ பானமோ கிடைக்கும். அட்டை அறுபது டொலருக்கு மேல். தம்பி மூன்று அட்டை எடுப்போம் என்கிறார். நாங்கள் மாடு, பன்றி சாப்பிடுவதில்லை. மாமி மரக்கறி மட்டும், வெளியில் ஒன்றும் சாப்பிடமாட்டார். காலிமுகத்திடலில் பேரனோடு உப்புத்தூள் போட்ட அன்னாசி சாப்பிடுவதோடு சரி. அதனால் அவர் மேசையில் இடம் பிடித்துப் பைகளைப் பார்த்துக்கொள்வார், நாங்கள் கடை கடையாகப் போய் வரலாம். கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், தங்கச்சி. அது சின்ன விஷயம்.

அறுபது டொலர் சொச்சத்தை எட்டால் பிரித்தால் ஒரு துண்டு ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் விழும். அங்கே இறைச்சி, கடலுணவுத் தட்டுகள் அநேகமாக அதைவிடக் கூடிய விலை. இனிப்பும் பழச்சாறும் குறைந்த விலை. ஆகவே எட்டுத் துண்டையும் விலை கூடிய தட்டுகளுக்கே கிழிக்கிறவருக்குத்தான் லாபம். எல்லாமே ஒன்பது டொலர்த் தட்டாக எடுத்தாலும் மிஞ்சுவது பத்து டொலர் சொச்சம். பிள்ளை தாகமென்று கேட்டு இரண்டு துண்டைச் சாறுக்குக் கிழித்தால் அதில் பாதி அங்கேயே போய்விடும். வைன், பியர் அந்த அட்டையில் கிடையாது. ஆண்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடையில் இருக்கும் எல்லாத் தட்டும் அட்டைக்குள் வராது, குறித்தவை மட்டும்தான். நீங்களோ மாடும் பன்றியும் தொடாதவர்கள். லாபம் தருகிற தட்டுகளில் ஒரு பகுதியை வாசலிலேயே கழித்துவிட்டீர்கள். மிஞ்சுவது கோழி, இறால், சீஸ் போட்ட மக்கரோனி, இனிப்பு. அந்தப் பட்டியலில் அட்டை தன் விலையைத் தட்டுத்தடுமாறித்தான் எட்டும்.

தட்டு என்றதும் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை நினைக்காதீர்கள். மூன்று நான்கு வாய்தான். 24 தட்டு எடுத்தாலும் பின்னேரம் பிள்ளைகள் பசிக்குது என்பார்கள், அதற்கு இன்னொரு தரம் காசு இறங்கும். இந்த அட்டையால் மெய்யாகப் பயன்பெறுவது பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வருடச் சீட்டோடு அடிக்கடி போகிறவர்கள். திருவிழா முடியுமுன் இன்று மூன்று, அடுத்த கிழமை மூன்று என்று கிழிப்பார்கள். உங்களுக்கு ஒரே நாள். கிழிக்காத துண்டுக்குக் காசு திரும்பாது. கொழும்புக்குத்தான் வரும், புத்தகத்துக்குள் அடையாளம் வைக்க உதவும்.

இனி உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடத்துக்கு வருகிறேன். “அவர் மேசையில் இடம் பிடித்துப் பைகளைப் பார்த்துக்கொள்வார்.” இதை நீங்கள் ஒரு பிரச்சினையாக எழுதவில்லை, வசதியாக எழுதியிருக்கிறீர்கள்.

24 தட்டை ஒரு பத்துத் தடவையாகப் பிரித்து வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு வரிசை 15 நிமிடம் என்றாலும் இரண்டரை மணித்தியாலம். ஏப்ரலில் அங்கும் பள்ளி விடுமுறை, ஈஸ்டர்க் கூட்டம். 15 நிமிடம் என்பதே தாராளக் கணக்கு. அவ்வளவு நேரமும் மாமி ஐந்து பேருடைய பையைச் சுற்றிவைத்துக்கொண்டு, “இந்தக் கதிரை காலியா?” என்று வேற்று மொழியில் கேட்கிற ஒவ்வொருவருக்கும் கைகாட்டிக்கொண்டு இருக்கவேண்டும். நடுவில் கழிவறைக்கு எழும்பினால் மேசை போய்விடும். எழும்பமாட்டார். அதற்காகவே தண்ணீரும் குடிக்காமல் இருப்பார். அந்தத் தலைமுறையை உங்களுக்குத் தெரியாதா?

மிக மலிவான நாளிலும் அவருடைய நுழைவுச் சீட்டு நூறு டொலருக்கு மேல். நம் காசில் முப்பதாயிரம் ரூபாய்க்கும் மேல். அதைக் கொடுத்து உள்ளே கூட்டிப் போய்ப் பைக்குக் காவல் வைக்கிறீர்கள். அங்கே வாடகைக்கு லொக்கர் இருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டத்தான் ஆசையென்றால் முதலில் அதற்குக் கட்டுங்கள். பெற்ற தாய் இவ்வளவு தூரம் பறந்துவருவது பை பார்க்க அல்ல என்று அந்தத் தம்பிக்கும் யாராவது சொல்லவேண்டும். நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும்.

இன்னொன்று. “வெளியில் ஒன்றும் சாப்பிடமாட்டார்” என்பது மாமி சொன்னதா, நீங்கள் முடிவெடுத்ததா? அடுத்த வரியிலேயே காலிமுகத்திடலில் அன்னாசி சாப்பிடுகிறார் என்கிறீர்கள். காலிமுகத்திடல் வெளியில்லாமல் வீட்டு முற்றமா? சைவம் என்று தெரிந்தால், பக்கத்தில் பேரன் இருந்தால், சாப்பிடுகிறார். கேட்டுப் பாருங்கள். கேட்காமலே ஒருவரைப் பந்தியிலிருந்து எழுப்புவதை நம் வீடுகளில் மரியாதை என்று சொல்வதில்லை.

செய்யவேண்டியது இவ்வளவுதான். அட்டையை முன்கூட்டியே வாங்க வேண்டாம் என்று தம்பிக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அங்கே போய் விலைப்பட்டியலைப் பார்த்து, உண்மையாகவே சாப்பிடக்கூடியதை மட்டும் எழுதிக் கூட்டுங்கள். பலகையில் இருக்கும் விலைக்கு மேல் வரியும் வரும். கூட்டுத்தொகை அட்டை விலையைத் தாண்டினால் ஒன்றே ஒன்று எடுங்கள். அதை எல்லோரும் பகிரலாம். தாண்டாவிட்டால் பிடித்த நாலைந்து தட்டைத் தனித்தனியாக வாங்குங்கள். மத்தியான நெரிசலுக்கு முன்பே வாங்கி முடியுங்கள். ஒரு கடைக் காசாளரிடமே மற்றக் கடைப் பண்டத்துக்கும் ரசீது எடுக்கலாமா என்று கேட்டால் ஒரு வரிசை மிச்சமாகலாம்.

மாமிக்கு: பட்டியலில் இலைக் குறி போட்டவை இறைச்சி, மீன், பால், முட்டை இல்லாதவை. குறியில்லாத இனிப்பில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா, சூப்பில் கோழிச் சாறு கலந்ததா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். பொரித்ததென்றால் அதே எண்ணெயில் இறைச்சி பொரித்தார்களா என்பதையும் கேளுங்கள். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவார்கள். சூடாக்கவோ குளிரூட்டவோ தேவையில்லாததாக, கடும் வாசனை இல்லாததாக இருக்கவேண்டும். கண்ணாடிப் போத்தல் கூடாது, ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். இட்லியும் எண்ணெயில் குழைத்த பொடியும் நல்லது, தேசிக்காய்ச் சாதமும் சரி. தேங்காய்ச் சம்பலும் சொதியும் வேண்டாம், மத்தியானத்துக்குள் புளித்துவிடும். குழாய்க் குளிர்பானம் ஊற்றும் கடைகளில் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுப்பார்கள். இரவில் குளிரும், அவருக்கு ஒரு சால்வை எடுங்கள்.

அங்கே பழ வண்டிகளும் உண்டு. அன்னாசித் துண்டு இருக்கும். மிளகாய், தேசிக்காய், உப்பு கலந்த தூளோடு மாம்பழத் துண்டும் விற்கிறார்கள். அதற்கு எந்த அட்டையும் வேண்டாம். மகனின் கையில் காசைக் கொடுத்து மாமியோடு அனுப்பிவிட்டு, மேசையில் இடத்தை நீங்கள் பிடியுங்கள்.