சிறிய மரவேலைக் கொட்டகைக்கு எந்தத் தூசி உறிஞ்சியை வாங்கலாம்?

மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் உங்கள் இயந்திரத்தில் தூசி வெளியேறும் வாயை அளந்து பாருங்கள். இழைப்பு இயந்திரம் அள்ளிக் கொட்டும் சுருள் சீவல்களுக்கு 100 மி.மீ. குழாயும், நிறையக் காற்றை இழுக்கும் பெரிய உறிஞ்சியும் வேண்டும். கையில் பிடித்துத் தேய்க்கும் சாண்டருக்கோ, குறுகிய குழாயில் வலுவாக இழுக்கும் வேக்குவம் கிளீனர் வகையே சரி. ஒன்றின் வேலையை மற்றது ஒழுங்காகச் செய்யாது.

வடிகட்டியில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. சாதாரணத் துணிப்பை சீவலைப் பிடித்துக்கொண்டு, நுரையீரல்வரை போகும் மாவுத்தூசியை அறைக்குள்ளேயே திருப்பி ஊதிவிடும். சன்னல் வெயில் கீற்றில் அது மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 மைக்ரான் துகளையும் பிடிக்கும் வடிகட்டியாகக் கேட்டு வாங்குங்கள். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.